வலுவூட்டும் சீன மூலிகைகளைக் கூட்டும் முறை: எதனோடு எது, எவ்வளவு

ஷுதிஹுவாங் கிழங்கில் ஒரு துண்டை விரலிடையே வைத்து அழுத்திப் பாருங்கள். கரிக்கறுப்பாக இருக்கும், மெழுகு போல அமுங்கும், கீழே வைத்த பிறகும் விரலில் பிசுக்கு நிற்கும். பச்சைக் கிழங்கை மது சேர்த்து அவித்து, உலர்த்தி, மறுபடி அவித்து எடுப்பதால் வரும் பிசுக்கு அது. இரத்தத்தையும், உடலைக் குளிர்வித்து ஈரமாக வைக்கும் யின்னையும் ஊட்ட சீன மருத்துவர்கள் முதலில் எடுப்பது இதைத்தான். ஆனால் செரிமானம் மந்தமான ஒருவருக்கு இதை மட்டும் காய்ச்சிக் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் வயிறு உப்பும், பசி அற்றுப்போகும், மலம் இளகும். மருந்தில் பிழையில்லை. துணையில்லாமல் அனுப்பியதில்தான் பிழை.

வலுவூட்டும் மூலிகைகள் பெரும்பாலும் இப்படித்தான்: இனிப்பானவை, கனமானவை, தேங்கக்கூடியவை. அதனால் நல்ல கூட்டு ஒவ்வொன்றிலும் ஊட்டும் மூலிகைக்குப் பக்கத்தில் அதை நகர்த்தும் மூலிகை ஒன்று உட்கார்ந்திருக்கும். ஜின்செங், ஹுவாங்ச்சி, தாங்குய், கோஜி என்று நல்ல பெயர் எடுத்ததையெல்லாம் ஒரே பானையில் போடுபவர்கள் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

முதலில் குறை எது என்று பாருங்கள்

சீன மருத்துவம் குறைகளை நான்காகப் பிரிக்கிறது. சி எனப்படும் உயிர்விசை குறைந்தால் சிறு வேலைக்கே மூச்சு வாங்கும், குரல் தணியும், லேசாக அசைந்தாலும் வியர்க்கும். நாக்கு வெளிறி ஓரங்களில் பல் பதிந்த தடம் இருக்கும். இரத்தம் குறைந்தால் உதடும் நகமும் வெளிறும், எழுந்தால் தலைசுற்றும், படபடப்பு வரும், மாதவிடாய் குறையும். யின் குறைவில் உள்ளங்கையும் பாதமும் காந்தும், இரவில் வியர்க்கும், வாய் உலரும், நாக்கு சிவந்து அதன் படிவு மிகக் குறைவாக இருக்கும். உடலுக்கு வெப்பம் தரும் யாங் குறைந்தால் கைகால் சில்லிடும், இடுப்பு குளிர்ந்து வலிக்கும், சிறுநீர் தெளிவாக அடிக்கடி போகும்.

இவற்றில் இரண்டு சேர்ந்தே வருவது சகஜம். ஆனால் நாக்கின் மேல் தடித்த, பிசுபிசுத்த படிவு இருந்தால் எந்தக் குறை தெரிந்தாலும் நிறுத்துங்கள். உடலில் ஈரம் தேங்கியிருக்கிறது என்பதன் அடையாளம் அது. அதை வெளியேற்றாமல் ஊட்டினால் தேக்கம்தான் கூடும். சளி, காய்ச்சல், தொண்டை வலி இருக்கும் நாட்களிலும் அப்படியே. திருடனை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது என்று சீன மருத்துவர்கள் இதைச் சொல்வார்கள். நோய் முற்றாக இறங்கிய பிறகே தொடங்க வேண்டும்.

சிக்கு நால்வர், இரத்தத்துக்கு நான்கு

எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. நூற்றாண்டுகளாக நிலைத்திருக்கும் இரண்டு கூட்டுகளைப் புரிந்துகொண்டால் மற்றவை அவற்றின் கிளைகள் என்பது தானே தெரியும். கீழே வரும் அளவுகள் எல்லாம் வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு, உலர்ந்த எடையில்.

முதலாவது சி ஜுன்ஸி தாங், அதாவது நான்கு பெருமக்கள் கஷாயம் (கூட்டின் பெயரில் வரும் சி என்பது நான்கு, உயிர்விசை அல்ல). ஜின்செங் 9 கிராம், பாய்ஜு 9, ஃபுலிங் 9, தேனில் வறுத்த அதிமதுரம் 6. ஜின்செங் அரசன், சியை நேரடியாக ஊட்டுகிறது. பாய்ஜு அமைச்சன், செரிமானத்தை வலுவாக்கி ஈரத்தை உலர்த்துகிறது. பைன் மரத்தின் வேரில் வளரும் பூஞ்சையான ஃபுலிங் உதவியாளன். தேங்கும் ஈரத்தைச் சிறுநீர் வழியே இறக்குகிறது. அதிமதுரம் தூதன், நடுவில் நின்று எல்லாரையும் இணக்குகிறது. இதில் ஃபுலிங்கின் இடத்தைக் கவனியுங்கள். மற்ற மூன்றும் உள்ளே சேர்க்க, இது ஒன்று வெளியே விடுகிறது. இதை எடுத்துவிட்டு மூன்றை மட்டும் காய்ச்சினால் சில நாளில் நெஞ்சும் வயிறும் நிறைந்து கனப்பது போலத் தோன்றும். அதிமதுரம் மட்டும் 6 கிராமில் நிற்பதற்கும் காரணம் உண்டு: கூடினால் அதுவே உப்பசம் தரும்.

ஜின்செங்குக்குப் பதில் தாங்ஷென் போடலாம். அது மென்மையானது, நாள்பட்ட சோர்வுக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் வலு குறைவு. அதனால் அளவை இரண்டு மூன்று மடங்காக்கி 15 முதல் 30 கிராம் வரை போடுவார்கள். உயிர் ஊசலாடும் நிலையில் ஜின்செங் செய்வதை தாங்ஷென் செய்யாது. பாய்ஜுவையும் வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். தவிட்டோடு வறுத்தது மலம் இளகுபவர்களுக்கு. வறுக்காததை அதிக அளவில் போட்டால் மலத்தை இளக்கும். பெயர் ஒன்று, வேலை எதிர்.

இந்த நால்வரோடு சென்பி 6 கிராம் சேர்த்தால் அது யி குங் ஸான். சென்பி என்பது உலர்த்திப் பழையதாக்கிச் சேமித்த மாண்டரின் ஆரஞ்சுத் தோல்; வாயுவை நகர்த்தும். சாப்பிட்டதும் வயிறு உப்புபவர்களுக்கு நால்வரை விட இந்த ஐவரே ஏற்றது. வலுவூட்டும் கூட்டு எதையும் முதன்முறை எடுப்பவர் சென்பியைச் சேர்த்தே தொடங்குவது நல்லது. அந்த 6 கிராம் பல சங்கடங்களைத் தவிர்க்கும்.

இரண்டாவது இரத்தத்துக்கான சி வு தாங், அதாவது நான்கு பொருள் கஷாயம். ஷுதிஹுவாங் 12 கிராம், தாங்குய் 9, பாய்ஷாவ் 9, சுவான்சியுங் 6. நான்கில் இரண்டு அசையாதவை, இரண்டு அசைபவை. ஷுதிஹுவாங்கும் பாய்ஷாவும் இரத்தத்தைச் சேர்த்துப் பிடித்து வைக்கும். தாங்குய்யும் சுவான்சியுங்கும் அதை ஓட்டும். இந்த இரு ஜோடிகளின் எடையை மாற்றினால் மருந்தின் குணமே மாறிவிடும். மாதவிடாய் அதிகமாகப் போகும் பெண்ணுக்கு சுவான்சியுங்கை 3 கிராமுக்குக் குறைக்க வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும். இரத்தம் கட்டியாகி வலிப்பவருக்கு பாய்ஷாவுக்குப் பதில் சிவப்பு வகையான சிஷாவ் வரும். உடலில் சூடு இருந்தால் அவித்த ஷுதிஹுவாங்கின் இடத்தில் அவிக்காத ஷெங்திஹுவாங்.

தாங்குய்யில் பாகம் பார்ப்பதும் உண்டு. வேரின் உடல்பகுதி இரத்தத்தை ஊட்டும், நுனி வால்கள் அதை ஓட்டும். வலுவூட்ட என்றால் நடுப்பகுதித் துண்டுகளையே கேளுங்கள். நல்ல தாங்குய்யை உடைத்தால் உள்ளே வெளிர்மஞ்சளும் எண்ணெய்ப் புள்ளிகளும் தெரியும், மணம் மூக்கைத் துளைக்கும். உள்ளே பழுப்பாகி எண்ணெய் கசிந்து நின்றால் பழைய சரக்கு.

முதலில் சொன்ன பிசுக்குக்கு மாற்று ஷாரென். ஏலக்காய் இனத்துக் காய் அது. 3 முதல் 6 கிராம் இடித்து, கஷாயம் இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு போடுங்கள். அதன் வேலை மணத்தில் இருக்கிறது; அதிகம் கொதித்தால் மணம் ஆவியோடு போய்விடும்.

இரண்டையும் சேர்க்கும்போது

சியும் இரத்தமும் சேர்ந்து குறைந்தவருக்கு நால்வரும் நான்கும் ஒன்றாகி பா ஜென் தாங் என்ற எட்டு மாணிக்கக் கஷாயம் ஆகிறது. கூடவே இஞ்சி மூன்று வில்லை, சீன இலந்தை ஐந்து. அதன் மேல் சியை ஊட்டும் வேரான ஹுவாங்ச்சியும் ரோகுய் என்ற சீன இலவங்கப்பட்டையும் ஏறினால் பத்து மூலிகைகளின் ஷி ச்சுவான் தா பு தாங். ரோகுய் ஏறியதும் கூட்டு வெப்பமாகிவிடும். கைகால் குளிர்ந்தவருக்கே அது. வாய் உலர்ந்து இரவில் வியர்ப்பவர் எட்டோடு நிற்க வேண்டும்.

எண்ணிக்கை கூடினால் வலு கூடும் என்று எண்ண வேண்டாம். மிக அழகான இரத்தக் கூட்டு இரண்டே மூலிகைகளால் ஆனது. 13ஆம் நூற்றாண்டில் மருத்துவர் லி தோங்யுவான் அமைத்த தாங்குய் பு சுவே தாங்: ஹுவாங்ச்சி 30 கிராம், தாங்குய் 6. பெயர் இரத்தத்தை ஊட்டும் கஷாயம், ஆனால் இரத்த மூலிகையைப் போல ஐந்து மடங்கு சி மூலிகை. இரத்தம் வடிந்து போனவருக்கு இரத்தத்தைப் பிடித்து வைக்கவும் புதிதாக உண்டாக்கவும் சி வேண்டும் என்பது அவர் கணக்கு. ஹாங்காங்கில் ஆய்வாளர்கள் இந்த இரண்டையும் வெவ்வேறு விகிதங்களில் காய்ச்சிப் பார்த்தபோது, ஹுவாங்ச்சியின் முக்கியச் சத்துகளும் தாங்குய்யின் ஃபெருலிக் அமிலமும் ஐந்துக்கு ஒன்று விகிதத்தில்தான் அதிகம் இறங்கின. தாங்குய் கொஞ்சம் கூடினால் நல்லது என்று 15 கிராம் போடுபவர் காய்ச்சுவது வேறு மருந்து. பேதியாகிறது என்ற முறையீடும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

சியும் யின்னும் சேர்ந்து வற்றியிருந்தால், அதாவது வியர்த்து வியர்த்து நா வறண்டு மூச்சு வாங்கினால், ஷெங் மாய் ஸான்: ஜின்செங் 9, மாய்தோங் 9, ஊவெய்ஸி 6. முதலாவது ஊட்டுகிறது, இரண்டாவது நனைக்கிறது, மூன்றாவது கசியாமல் மூடுகிறது. ஊவெய்ஸியை நசுக்கிப் போடாவிட்டால் பாதி சத்து விதைக்குள்ளேயே நின்றுவிடும். மூடும் குணம் இருப்பதால் காய்ச்சல் இருக்கும்போது இதைத் தொடவே கூடாது.

யின்னும் யாங்கும்

லியுவெய் திஹுவாங், ஆறு மூலிகைக் கூட்டு, குழந்தை மருத்துவர் ச்சியன் யி அமைத்தது. அவருடைய நூல் வெளிவந்தது 1119இல். ஷுதிஹுவாங் 24 கிராம், ஷான்ஜுயு 12, ஷான்யாவ் 12, ஸேஷியே 9, மூதான்பி 9, ஃபுலிங் 9. எட்டு, நான்கு, நான்கு, மூன்று, மூன்று, மூன்று. முதல் மூன்றும் ஊட்டும், பின் மூன்றும் வடிக்கும், ஜோடி ஜோடியாக. ஷுதிஹுவாங்கின் பிசுக்கை ஸேஷியே இறக்குகிறது, ஷான்ஜுயுவின் வெப்பத்தை மூதான்பி தணிக்கிறது, ஷான்யாவின் தேக்கத்தை ஃபுலிங் கலைக்கிறது. நகர்த்தும் துணை வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் சீன மருத்துவத்தில் இல்லை. வடிக்கும் மூன்றை வீண் என்று நினைத்து நீக்கிவிட்டு, ஊட்டும் மூன்றை இரட்டிப்பாக்குவது இந்தக் கூட்டில் நடக்கும் மோசமான பிழை.

இந்த ஆறுக்கும் மூலம் ஹான் காலத்து மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங்கின் ஷென் ச்சி வான். அதில் இதே ஆறோடு வெப்பமான இரண்டு, இலவங்கக் கிளையான குய்ஜியும் நச்சுக் கிழங்கான ஃபுஸியும், ஒவ்வொரு பங்கு. மொத்தம் 27 பங்கில் வெப்பம் 2 பங்கு மட்டுமே. யாங் குறைவுக்கான மருந்தில் இவ்வளவு குறைவாகவா என்று தோன்றும். ஆனால் விளக்கு எரிய எண்ணெய் வேண்டும். யின் என்ற எண்ணெய் இல்லாமல் திரியை மட்டும் தூண்டினால் கருகிப்போகும். யாங்கை ஊட்டுபவர் அதை யின்னுக்குள்ளே தேட வேண்டும் என்று மிங் காலத்து மருத்துவர் ஜாங் ஜிங்யுவே வலியுறுத்தியதும் இதைத்தான். மான்கொம்பான லுரோங்கையும் ஜின்செங்கையும் சேர்த்து அதிகமாக விழுங்கிவிட்டு மூக்கில் இரத்தம், தலைவலி, உறக்கமின்மை என்று அவதிப்படுவது இந்த விதியை மீறுவதால்தான். லுரோங்கின் நாள் அளவு 1 முதல் 2 கிராம் பொடி, அதுவும் கொஞ்சத்தில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும்.

ஃபுஸி பற்றி ஒரு வார்த்தை. அதில் அகோனிட்டின் என்ற கொடிய நஞ்சு உண்டு. பதப்படுத்தியதைத்தான், அதையும் தனியே முன்கூட்டி நெடுநேரம் கொதிக்க வைத்துத்தான் மருத்துவர்கள் தருவார்கள். இதை வீட்டில் நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

காய்ச்சுதல்

மண்பானை, பீங்கான், கண்ணாடி, துருப்பிடிக்காத எஃகு இவை சரி. இரும்பும் அலுமினியமும் கூடாது. ஷான்ஜுயு, பாய்ஷாவ் போன்றவற்றின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கறுத்துவிடும், சுவையும் கெடும்.

மூலிகைகளைக் குளிர்ந்த நீரில் 30 முதல் 60 நிமிடம் ஊற வையுங்கள். அவசரத்துக்கு வெந்நீர் ஊற்றினால் மேற்பரப்பு இறுகி உள்ளே இருக்கும் சத்து வெளியே வராது. நீர் மூலிகைக்கு மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் நிற்க வேண்டும். ஹுவாங்ச்சியும் ஃபுலிங்கும் நிறைய நீர் குடிக்கும்; ஊறி முடித்ததும் மட்டத்தை மறுபடி பாருங்கள். பெருந்தீயில் கொதி வந்ததும் சிறுதீக்கு இறக்கி, 40 முதல் 60 நிமிடம். சளி மருந்தைப் போல பதினைந்து நிமிடத்தில் இறக்கினால் கிழங்கும் வேரும் பாதி சத்தோடு குப்பைக்குப் போகும். வடிகட்டி, சக்கையைப் பிழிந்து, மறுபடி நீர் விட்டு 30 முதல் 40 நிமிடம் இரண்டாம் காய்ச்சல். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 200 மில்லி கிடைக்க வேண்டும். இரண்டையும் கலந்தே காலை, மாலை என்று பாதியாகக் குடியுங்கள். முதல் காய்ச்சலைக் காலையிலும் இரண்டாவதை மாலையிலும் குடித்தால் அளவு சமமாக இருக்காது. அடிபிடித்துவிட்டால் நீர் ஊற்றிச் சமாளிக்காமல் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

ஜின்செங்கை மற்றவற்றோடு போடாதீர்கள். மற்றச் சக்கைகள் அதன் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும், விலையுயர்ந்த மருந்து வீணாகும். மெல்லிய வில்லைகளாக்கி, மூடியுள்ள பீங்கான் கிண்ணத்தில் சிறிது நீரோடு வைத்து, அந்தக் கிண்ணத்தைக் கொதிநீரில் நிறுத்தி ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வேகவிட்டு, அந்தச் சாற்றைக் கஷாயத்தில் கலக்க வேண்டும். அதே வில்லைகளை இன்னொரு முறை வேகவைக்கலாம். கடைசியில் மென்று தின்றுவிடலாம். கழுதைத் தோல் பிசினான அஜியாவ் (3 முதல் 9 கிராம்) பானைக்குள் போனால் அடியில் ஒட்டிக் கருகும். வடித்த சூடான கஷாயத்தில் கலக்கிக் கரைப்பதே வழி.

வலுவூட்டும் கஷாயத்தை உணவுக்கு முன் குடிப்பது வழக்கம். குமட்டல் வந்தால் உணவு முடிந்து அரை மணி கழித்துக் குடியுங்கள். ஜின்செங் எடுக்கும் நாட்களில் முள்ளங்கி தின்பதில்லை. அது சியைக் கலைத்து இறக்கும் என்பது மரபு.

பழைய குறிப்புகளைப் பார்த்து எடை போடுபவர்கள் அலகைக் கவனிக்க வேண்டும். பெருநில சீனா 1979இல் கிராமுக்கு மாறியபோது 1 சியென் என்ற பழைய எடையை 3 கிராமாக எடுத்துக்கொண்டது. தைவானில் 1 சியென் 3.75 கிராம். பத்து மூலிகைக் கூட்டில் இந்த வித்தியாசம் கணிசமாகச் சேரும்.

எதோடு எது சேராது

ஜின்செங்கோடு வுலிங்ஜி கூடாது, லிலு கூடவே கூடாது. பாய்ஷாவுக்கும் லிலு பகை. அதிமதுரத்துக்கு கான்சுய், தாஜி, யுவான்ஹுவா, ஹாய்ஸாவ் என்ற கடற்பாசி ஆகிய நான்கும் பகை. ரோகுய்யோடு சிஷிஜி சேராது. இவை பதினெட்டுப் பகை, பத்தொன்பது அச்சம் என்ற பழைய பட்டியல்களில் உள்ளவை. மருந்தகத்தில் சீட்டு எழுதுபவர்கள் இன்றும் இவற்றைப் பார்த்தே எடை போடுகிறார்கள்.

பட்டியலில் இல்லாத ஆபத்து நவீன மருந்துகளோடு. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு தாங்குய் இரத்தப்போக்கைத் தூண்டலாம். ஜின்செங் வார்ஃபரினின் வேலையைக் குறைக்கலாம். அதிமதுரம் வாரக்கணக்கில் போனால் பொட்டாசியத்தை இறக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றும், கால் வீங்கும். சிறுநீர் போக்கும் மாத்திரையோ இதய மருந்தான டிகாக்ஸினோ எடுப்பவருக்கு இது விளையாட்டல்ல. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் ஜின்செங்கோடு சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர் ஹுவாங்ச்சியைத் தொடக்கூடாது. முடிக்கென்று பிரபலமான ஹெஷோவு கல்லீரலைத் தாக்கிய நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. கல்லீரல் தொல்லை இருந்தவர்கள் அதை மறந்துவிடுங்கள். கருவுற்றவர், பாலூட்டுபவர், சிறுநீரக நோயாளி, குழந்தை என்றால் தகுதியான மருத்துவர் பார்க்காமல் எந்தக் கூட்டும் வேண்டாம். மூலிகையை எங்கே வாங்கினாலும், நீங்கள் எடுக்கும் மாத்திரைகளின் பட்டியலை மருத்துவரிடம் காட்டிவிட்டே பானையை அடுப்பில் வையுங்கள்.

தொடங்குவதும் நிறுத்துவதும்

மிகவும் மெலிந்தவர்களின் உடல் சில சமயம் ஊட்டத்தையே தள்ளிவிடும். ஷாங்காயை ஒட்டிய ச்சியாங்நான் பகுதியில் குளிர்காலத்துக்கென்று முப்பதுக்கும் மேற்பட்ட மூலிகைகளை அஜியாவோடு காய்ச்சி லேகியமாக்கி, குளிர்கால நெடிய இரவு நாளிலிருந்து ஏறக்குறைய ஐம்பது நாள் சாப்பிடும் மரபு உண்டு. அங்கேகூட லேகியத்துக்கு முன்பு ஓரிரு வாரம் வழி திறக்கும் கஷாயம் கொடுத்து, செரிமானத்தைச் சீராக்கிய பிறகே தொடங்குகிறார்கள். வீட்டில் இதற்குச் சமமாக ஒரு வாரம் யி குங் ஸானைப் பாதி அளவில் எடுக்கலாம். பசி எடுத்து, நாக்குப் படிவு மெலிந்து, மலம் ஒழுங்கானால் முழு அளவுக்கு ஏறுங்கள். அதன் பிறகே ஷுதிஹுவாங் உள்ள கூட்டு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உப்பசம் வந்தால் சென்பியைக் கூட்டி ஷுதிஹுவாங்கைக் குறையுங்கள். மலம் இளகினால் தாங்குய்யைக் குறைத்து, பாய்ஜு வறுத்ததுதானா என்று பாருங்கள். வாய்ப்புண், முகச் சூடு, உறக்கமின்மை வந்தால் ரோகுய்யையும் ஜின்செங்கையும் நிறுத்துங்கள். கூட்டு உங்களுக்கு வெப்பமாக இருக்கிறது. தோல் தடிப்பு, தேநீர் போலக் கறுத்த சிறுநீர், மூச்சுத் திணறல், இரத்தக் கசிவு எதுவானாலும் பானையை மூடிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஒன்றும் தொல்லை இல்லை என்றாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாக்கைக் கண்ணாடியில் பாருங்கள். படிவு தடித்து வந்தால் வயிறு சொல்வதற்கு முன்பே நாக்கு சொல்லிவிட்டது. நான்கைந்து நாள் நிறுத்தி, மெலிந்த பிறகு பாதி அளவிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.